வட்டாரக் கவிஞர் என்று ஒருவரை அறிவித்தால், அவருக்கு என்ன வேலை கொடுப்பது?

உட்லண்ட்ஸ் மல்லிகா

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் இருக்கும் எங்கள் சமூக மன்றத்தின் இந்திய நற்பணிச் செயற்குழுவில் நான் பொருளாளர். கவிதை வாசிப்பேன், எழுத வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. அதற்குக் காரணமே நான்தான். டொரொண்டோவில் நகருக்கென்று ஒரு கவிஞரை நகராட்சியே நியமிக்கிறது, 2001இல் டென்னிஸ் லீ என்பவரில் தொடங்கி சில ஆண்டுகளுக்கு ஒருவர் என்று மாறி மாறி வருகிறார்கள் என்று ஸ்கார்பரோவில் இருக்கும் என் நாத்தனார் போனில் சொன்னார். நான் அதைக் கூட்டத்தில் பேச்சுவாக்கில் சொல்லிவைத்தேன். குழுவுக்கு ஒரே குஷி. நம் வட்டாரத்துக்கும் ஒரு தமிழ்க் கவிஞரை அறிவிப்போம், ஏப்ரலில் தமிழ் மொழி விழா சமயத்தில் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவோம் என்று கிடுகிடுவென்று முடிவாகிவிட்டது. பட்டத்துக்குப் பெயர்கூட யோசித்தாயிற்று. அப்புறம் விருந்துக்குப் பிரியாணியா, சைவமா என்பதில் அரை மணி நேரம் போனது. “சரி, பொன்னாடை போர்த்திய மறுநாள் காலையிலிருந்து அவர் என்ன செய்வார்?” என்று கேட்டேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. “அதை மல்லிகா பார்த்துச் சொல்லட்டும்” என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

எங்கள் மன்றத்தில் மாதம் ஒரு கவிதைச் சந்திப்பு நடக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் எழுதுகிறவர்கள். தம்முடையதை வாசித்து, கைதட்டல் வாங்கிக்கொண்டு, அடுத்தவர் வாசிக்கும்போது கைப்பேசியைப் பார்ப்பார்கள். வாசகர் என்று ஒருவர் வந்து நான் பார்த்ததில்லை. பக்கத்து அறையில் ஸும்பா வகுப்புக்கு வரும் தமிழ்ப் பெண்களில் யாரும் இந்தக் கதவைத் திறந்து எட்டிப்பார்த்ததும் கிடையாது. இந்த நிலையில் ஒருவருக்குப் பட்டம் கொடுத்தால் என்ன மாறும்?

வெளிநாட்டில் இதை அருகிலிருந்து பார்த்தவர்கள், இங்கே இலக்கிய அமைப்புகளில் இருப்பவர்கள், உண்மையைச் சொல்லுங்கள். வேண்டாம் என்றாலும் பரவாயில்லை, காரணத்தோடு சொல்லுங்கள். குழுவில் அதையே படித்துக் காட்டிவிடுகிறேன்.

வெண்பா விரும்பி

வேண்டாம் என்பவர் அணியில் முதல் ஆளாக என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் அம்மா.

நமக்கு இது ஒன்றும் புதிதில்லை. சென்னை மாகாணத்தில் 1949இல் நாமக்கல் கவிஞரை அரசவைக் கவிஞர் ஆக்கினார்கள். 1978இல் எம்ஜிஆர் ஆட்சியில் கண்ணதாசன். இருவரும் பெரும் கவிஞர்கள், மறுப்பே இல்லை. ஆனால் அந்தப் பதவியில் இருந்துகொண்டு ஊருக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டால் சட்டென்று யாரால் பதில் சொல்ல முடியும்? பதவி அவர்களைக் கௌரவித்தது, அவ்வளவுதான்.

இங்கிலாந்துக் கதையும் அப்படித்தான். 1668இல் ஜான் டிரைடனை அரசவைக் கவிஞராகப் போட்டார்கள். அதற்குப் பிறகு வந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஆயுள் பதவி. அரச குடும்பத்தில் பிறந்தநாள், திருமணம் என்றால் கவிதை எழுத வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. சம்பளத்தோடு ஒரு பீப்பாய் ஒயின் என்பது பழைய மரபு. அதையாவது நம் குழு கடைப்பிடித்தால் போட்டி பலமாக இருக்கும்! 1999இல்தான் பத்தாண்டுக்கு ஒருவர் என்று மாற்றினார்கள். முதல் பெண் கவிஞர் வந்தது 2009இல், கேரல் ஆன் டஃபி. முந்நூற்று நாற்பது ஆண்டு கழித்து!

சிங்கப்பூரில் தமிழ்க் கவிஞருக்கு மேடையா இல்லை? கவிமாலை மாதம் தவறாமல் கூடுகிறது. எழுத்தாளர் கழகம் இருக்கிறது. தங்கமுனை விருதில் தமிழ்க் கவிதைக்குத் தனிப் பிரிவு, இலக்கியப் பரிசிலும் தமிழ் உண்டு. அதற்கு மேல் கலைஞர்களுக்கு அரசு கொடுக்கும் கலாசாரப் பதக்கம். இன்னும் ஒரு கிரீடம் செய்தால் இன்னும் ஒரு சண்டைதான் வரும். உங்கள் வட்டாரத்தில் நான்கு கவிஞர்கள் இருப்பார்கள். ஒருவரைத் தேர்ந்தெடுத்ததும் மற்ற மூவர் உங்கள் மாதச் சந்திப்புக்கு வரமாட்டார்கள். நாற்பது ஆண்டாக இதைப் பார்க்கிறேன்.

சுவா சூ காங் செல்வம்

மல்லிகா அக்கா, நான் வேலை நிமித்தமாகக் கனடாவின் எட்மண்டனில் சில ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பியவன். எண்ணெய்க் குழாய்ப் பொறியாளன், கவிஞன் இல்லை. அங்கே குளிர்காலத்தில் போக்கிடம் இல்லாமல் நூலகத்துக்குப் போய்ப் பழகி, அப்படியே வாசிப்பு நிகழ்ச்சிகளிலும் போய் உட்காரத் தொடங்கினேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஐயா சொன்ன அரசவைக் கவிஞர் வேறு, நகரக் கவிஞர் வேறு. இங்கிலாந்துப் பதவியின் பெயரைத்தான் இரவல் வாங்கினார்கள், வேலையை வாங்கவில்லை. எட்மண்டனில் 2005இல் முதல் நகரக் கவிஞராக வந்தவர் ஆலிஸ் மேஜர். அவர் ஊரைப் புகழ்ந்து பாமாலை பாடியிருந்தால் இன்று யாருக்கும் நினைவிருக்காது. மறு ஆண்டே அந்த ஊரில் ஒரு கவிதைத் திருவிழாவைத் தொடங்கினார். அவர் பொறுப்பை விட்டு இறங்கிய பின்னும் அது நின்றுவிடவில்லை. நான் போய் உட்கார்ந்ததெல்லாம் அந்த விழாவில்தான். எத்தனையோ முறை அவர் பெயர்கூட மேடையில் சொல்லப்படாது. காப்பிக்கடையில் வாசிப்பு, நூலகத்தில் வாசிப்பு. வந்தவர்களில் பாதிப் பேர் என்னைப் போலச் சும்மா கேட்க வந்தவர்கள்.

டொரொண்டோவின் டென்னிஸ் லீயைச் சொன்னீர்களே, அவர் குழந்தைப் பாடல்களுக்குப் பேர்போனவர். நகரக் கவிஞரானதும் அவர் பிடித்துக்கொண்ட வேலை என்ன தெரியுமா? அந்த ஊரில் வாழ்ந்து மறைந்த எழுத்தாளர்கள், கலைஞர்கள், சிந்தனையாளர்கள் குடியிருந்த வீடுகளை அடையாளம் கண்டு பெயர்ப்பலகை வைக்கும் திட்டம். தன் கவிதைக்கு அதில் இடமே இல்லை! அங்கே ஒவ்வொரு நகரக் கவிஞரும் தன் காலத்தில் ஊருக்கென்று ஒரு திட்டத்தை விட்டுப்போக வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். எனக்கு இந்தப் பதவியில் பிடித்ததே அந்த ஒரு நிபந்தனைதான்.

இதை நம் ஊரில் பொருத்திப் பாருங்கள். தமிழ் முரசு பத்திரிகை 1935இல் தொடங்கியது. 1887இலேயே இங்கே தமிழ்க் கவிதை நூல் அச்சேறியிருக்கிறது, அதே ஆண்டில் சிங்கை நேசன் வாரப் பத்திரிகையும் வந்தது. அந்த ஆட்கள் எந்தத் தெருவில் இருந்தார்கள், எந்தக் கடை மாடியில் அச்சுக் கோத்தார்கள் என்று தேக்காவிலோ சிலிகி சாலையிலோ போகிற ஒருவருக்காவது தெரியுமா? உங்கள் வட்டாரம் புதியது என்பீர்கள். உட்லண்ட்ஸில் முன்பு ரயில் ஓடியது, மலேசியாவுக்குப் போகும் ஜோகூர்ப் பாலம் இருக்கிறது, காலையில் மோட்டார்சைக்கிளில் எல்லை தாண்டி வேலைக்கு வரும் தமிழர்கள் எத்தனை பேர்! இவர்களிடமிருந்து ஒரு வரி எழுதி வாங்குவதற்கு ஒரு கவிஞர் போதாது. எழுதி வாங்கு என்று சொல்லி அனுப்ப ஒரு பொறுப்பாளர் வேண்டும். நகரக் கவிஞர் என்பவர் அந்தப் பொறுப்பாளர்தான்.

மொழிப் பிரச்சினை ஒன்று இருக்கிறது. நான்கு ஆட்சிமொழி உள்ள நாட்டில் நாடு முழுவதற்கும் ஒரே கவிஞர் என்று யாரைச் சொல்வது? ஆங்கிலத்தில் எழுதும் எட்வின் தம்புவை அப்படி அழைப்பவர்கள் உண்டு, ஆனால் அது அதிகாரப்பூர்வமான பதவி இல்லை. நாட்டளவில் கஷ்டம், வட்டார அளவில் கஷ்டமில்லை. எட்மண்டனில் 2015இல் வந்த பியரெட் ரெக்கியே ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் எழுதுகிறவர். அடுத்து வந்த அகமது அலி சோமாலியாவில் பிறந்தவர், பக்கத்தைப் பார்த்து வாசிக்கும் கவிஞர் இல்லை, நின்று பேசி நிகழ்த்துகிறவர். இப்படிக் கவிஞர் மாறும்போதெல்லாம் கேட்க வரும் கூட்டமும் மாறியது. அங்கே தவணை இரண்டு ஆண்டுதான். நீங்களும் அதற்கு மேல் போகாதீர்கள். அடுத்த தடவை நமக்கு வரலாம் என்று இருந்தால், ஐயா சொல்லும் அந்த மூன்று கவிஞர்களும் சண்டையைத் தள்ளிப்போடுவார்கள்.

கடைசியாகப் பணம். இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. கவிஞருக்குக் காசு கொடுங்கள். பொன்னாடை, மாலை, நினைவுச் சின்னம், விழா மலர் அச்சடிப்பது என்று போகிற தொகையைக் கூட்டிப்பாருங்கள், பொருளாளர் நீங்கள், உங்களுக்குத் தெரியும். அதை அப்படியே மாத மதிப்பூதியமாகப் பிரித்துக் கொடுத்தால் அவரிடம் வேலை வாங்க உங்களுக்கு உரிமை வரும். சும்மா கௌரவித்துவிட்டு எப்படி வேலை கேட்பது? அமெரிக்கக் கவிஞர்கள் கழகம் 2019 முதல் ஊர்க் கவிஞர்களுக்கும் மாநிலக் கவிஞர்களுக்கும் நிதி கொடுக்கிறது. எதற்கு? அவரவர் ஊரில் மக்களோடு சேர்ந்து ஒரு திட்டம் நடத்துவதற்கு.

வெண்பா விரும்பி

செல்வம், பெயர்ப்பலகைத் திட்டம் நல்ல செய்தி, எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் சொல்லும் வேலையை இங்கே ஆட்கள் பதவி இல்லாமலே செய்திருக்கிறார்களே. கோ. சாரங்கபாணி 1950களில் தமிழ் முரசில் மாணவர் மணிமன்றம் என்ற பகுதியை நடத்தினார். அதில் எழுதிப் பழகிய பிள்ளைகள்தாம் பின்னாளில் இங்கே எழுத்தாளர்களாக நின்றார்கள். க.து.மு. இக்பால் 1970களிலும் 80களிலும் வானொலிக்கு இருநூறுக்கும் மேல் குழந்தைப் பாடல்கள் எழுதினார். அவருக்குக் கலாசாரப் பதக்கம் வந்தது 2014இல். வேலை முதலில், பதக்கம் பிறகு. நீங்கள் பதவியை முதலில் கொடுத்து வேலையைப் பிறகு எதிர்பார்க்கிறீர்கள்.

சுவா சூ காங் செல்வம்

ஐயா, அதேதான் நானும் சொல்கிறேன்! சாரங்கபாணியிடம் ஒரு பத்திரிகை இருந்தது, இக்பாலுக்கு வானொலி இருந்தது. இப்போது ஒரு கவிஞர் அப்படிச் செய்ய நினைத்தால் கையில் என்ன இருக்கிறது? ஓர் அறையை முன்பதிவு செய்யவே நாலு படிவம். பதவி என்பது அவருக்குச் சாவி மாதிரி. கதவு திறக்கும், அவ்வளவுதான். உள்ளே போய் என்ன செய்கிறார் என்பது ஆளைப் பொறுத்தது.

பாலிடெக்னிக் கவிதாயினி

வணக்கம். நான் இரண்டாம் ஆண்டு மாணவி. பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் வருவதற்கு மன்னிக்கவும்.

தயவுசெய்து ஏப்ரலில் வைக்காதீர்கள். தமிழ் மொழி விழா மாதத்தில் நாங்கள் ஏற்கெனவே போட்டியிலிருந்து போட்டிக்கு ஓடிக்கொண்டிருப்போம். மனப்பாடம் செய்து ஒப்பிப்போம், நேரம் முடிந்தால் மணி அடிப்பார்கள், நடுவர் ‘உச்சரிப்பு நன்று’ என்று சொல்வார். அதில் நான் எழுதியதைப் பற்றி யாரும் பேசியதில்லை, ஏனென்றால் நான் எழுதியதே இல்லை, ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தேன். அதே ஏப்ரலில்தான் ஃபேஸ்புக்கில் சிங்கப்பூர்க் கவிதை எழுதும் மாதம் நடக்கிறது. 2014இல் தொடங்கியது. பெரும்பாலும் ஆங்கிலம். தினம் ஒரு தூண்டுதல் கொடுப்பார்கள், யார் வேண்டுமானாலும் எழுதிப் போடலாம், முன்பின் தெரியாதவர்கள் வந்து ‘மூன்றாவது வரியை எடுத்துப் பாருங்கள்’ என்று சொல்வார்கள். நான் கவிதை எழுதக் கற்றது அங்கேதான், ஆங்கிலத்தில். தமிழில் என் வரைவைப் படித்து ‘இந்த வரி வேண்டாம்’ என்று சொல்ல எனக்கு ஆள் இல்லை. ‘அருமை, வாழ்த்துகள்’ என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள்.

உங்கள் வட்டாரக் கவிஞர் மாதம் இரண்டு மாலை நூலகத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தால் போதும். வருகிறவர் வரைவைக் கொண்டுவரலாம், பிழை தமிழில் இருந்தாலும் திட்டக்கூடாது. (எங்கள் தலைமுறை தமிழ் எழுதினால் ஒற்று விடுபடும். அதைச் சொல்லியே பாதிப் பேரை விரட்டிவிட்டார்கள்.)

இன்னொன்று, அவர் ஐம்பது வயதைத் தாண்டியவராகத்தான் இருக்க வேண்டுமா? அமாண்டா கோர்மன் 2014இல் லாஸ் ஏஞ்சலிஸின் இளையர் கவிஞரானபோது பள்ளி மாணவி. 2021இல் அமெரிக்க அதிபர் பதவியேற்பில் வாசித்தார். அப்படிப் பெரிதாக ஒன்றும் வேண்டாம், வட்டாரக் கவிஞரோடு ஒரு இளையரையும் துணைக்குப் போடலாமே.

துவாஸ் தமிழன்

மல்லிகா அக்கா, ஒரு சந்தேகம். வட்டாரக் கவிஞர் என்றால் அந்த வட்டாரத்தில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் குடியிருப்பவர் மட்டும்தானா? தொழிலாளர் விடுதியில் இருப்பவரும் சேர்த்தியா?

நான் கப்பல் பட்டறையில் வெல்டர், ஊர் அறந்தாங்கி பக்கம். நோட்டில் எழுதுவேன். என் அறையில் இன்னும் இரண்டு பேர் எழுதுகிறார்கள், ஒருவர் மரபுக்கவிதையே எழுதுவார், வெண்பா ஐயா பார்த்தால் சந்தோஷப்படுவார். வெளிநாட்டு ஊழியர்களுக்கான கவிதைப் போட்டி 2014இல் ஆரம்பித்த பிறகுதான் எங்களுக்கும் இந்த ஊரில் மேடை உண்டு என்று தெரிந்தது. அந்த மேடையிலும் நாங்கள் ‘ஊழியர் கவிஞர்’தான். பாலத்தைப் பற்றி, அம்மாவைப் பற்றி, வியர்வையைப் பற்றி எழுதினால் பாராட்டுவார்கள். நான் ஒருமுறை பூனையைப் பற்றி எழுதினேன், யாருக்கும் பிடிக்கவில்லை.

இலக்கியக் கூட்டங்கள் சனிக்கிழமை மாலை ஆறு மணி, ஏழு மணி என்று வைக்கிறார்கள். சனிக்கிழமை எங்களுக்கு ஓவர்டைம். லாரி விடுதிக்கு வந்து சேரவே எட்டாகிவிடும். ஞாயிறு பகலில் வைத்தால் வருவோம். அதுவும் உட்லண்ட்ஸ் என்றால் துவாஸிலிருந்து பஸ் மாறி, ரயில் மாறி வர வேண்டும். உங்கள் கவிஞர் ஒருமுறை கிராஞ்சி பக்கமோ துவாஸ் பக்கமோ விடுதிக்கு வந்தால் நாங்கள் டீ போட்டுக் கொடுப்போம். அவர் தன் கவிதையை வாசிக்க வேண்டியதில்லை, நாங்கள் வாசிப்பதைக் கேட்டால் போதும்.

சுவா சூ காங் செல்வம்

தம்பி, அந்தப் பூனைக் கவிதையை இங்கே போடுங்கள்.

உட்லண்ட்ஸ் மல்லிகா

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு இதையெல்லாம் அச்செடுத்துச் செயலாளரிடம் கொடுத்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. இருந்தாலும் பேசினோம்.

என் நிலை இப்போது இதுதான். பட்டப்பெயர் வேண்டாம், ‘வட்டாரக் கவிஞர்’ என்றே இருக்கட்டும். தவணை இரண்டு ஆண்டு. குழு தன் நண்பரைக் கூப்பிட்டுக் கொடுக்காமல், திறந்த அழைப்பு விடுத்து, ‘இரண்டு ஆண்டில் என்ன செய்வீர்கள்?’ என்று ஒரு பக்கத்தில் எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். கவிதைத் தொகுப்பு எத்தனை போட்டிருக்கிறார் என்பது எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. இதில் செயலாளருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. குறைந்தது இரண்டு நூல் வேண்டும் என்கிறார். அப்படி வைத்தால் கவிதாயினியும் துவாஸ் தம்பியும் விண்ணப்பமே போட முடியாது என்று சொன்னேன். வாக்குக்கு விடலாம் என்று நிற்கிறது.

பணம் விஷயத்தில் செல்வம் சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்தேன். போன விழாவில் பொன்னாடையும் மாலையும் நினைவுச் சின்னமும் வாங்கிய தொகை ஒரு கவிஞருக்கு மாதம் நூறு வெள்ளி வீதம் ஓர் ஆண்டுக்கு வரும். பிரியாணியைத் தொடவே இல்லை, அதைத் தொட்டால் குழுவே கலைந்துவிடும். மதிப்பூதியத்துக்கு சமூக மன்றங்களை நடத்தும் மக்கள் கழகத்தின் விதிகளில் இடம் உண்டா என்று மன்ற மேலாளரிடம் கேட்டிருக்கிறேன். அறிமுக நிகழ்ச்சியை ஏப்ரலிலிருந்து ஜூலைக்குத் தள்ளச் சொல்லியிருக்கிறேன். கவிதாயினி, அப்போது உங்களுக்குத் தேர்வு இருக்கிறதா?

துவாஸ் தம்பிக்கு: விதியில் ‘குடியிருப்பாளர்’ என்று எழுதாமல் ‘இந்த வட்டாரத்தில் வசிப்பவர், வேலை செய்பவர் அல்லது படிப்பவர்’ என்று எழுதியிருக்கிறேன். துவாஸ் எங்கள் எல்லைக்குள் வராது, அது உண்மை. ஆனால் கிராஞ்சி விடுதி எங்களுக்குப் பக்கம். அங்கே உங்களுக்குத் தெரிந்த எழுதுகிறவர் இருந்தால் என் தனிச்செய்திக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஞாயிறு பகலில் அங்கே ஒரு வாசிப்பு வைப்பதற்கு விடுதி நிர்வாகத்திடம் யார் பேச வேண்டும் என்பதும் தெரிய வேண்டும்.

விதிமுறை வரைவு ஒரு பக்கம் இருக்கிறது. வேண்டுபவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன். குறிப்பாக வெண்பா ஐயா பார்க்க வேண்டும். ஓட்டை எங்கே இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

வெண்பா விரும்பி

அனுப்புங்கள். முதல் ஓட்டை இப்போதே தெரிகிறது: இரண்டு ஆண்டு முடிந்து அவர் எதுவும் செய்யவில்லை என்றால் என்ன என்று எழுதியிருக்கிறீர்களா? ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்ததை எழுதித் தர வேண்டும், தராவிட்டால் ஊதியம் நிற்கும் என்று போடுங்கள். தேர்வுக் குழுவில் வட்டாரத்துக்கு வெளியே இருந்து இருவர் இருக்கட்டும், அதில் ஒருவர் தமிழ்க் கவிதை எழுதாதவராக இருக்கட்டும். என்னைக் கூப்பிட வேண்டாம். விண்ணப்பிக்கக்கூடிய ஒருவர் எனக்குச் சம்பந்தி முறை.

அந்த மரபுக்கவிதை எழுதும் தம்பியின் பாடலில் இரண்டை அனுப்பச் சொல்லுங்கள், துவாஸ். யாப்பில் தளை தட்டினால் சொல்வேன், கோபப்படக்கூடாது.

துவாஸ் தமிழன்

சொல்லிவிட்டேன் ஐயா. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து அனுப்புவார். பூனைக் கவிதையையும் அப்போதே போடுகிறேன், நோட்டு லாக்கரில் இருக்கிறது.